புதினாவில் விஷம் வைத்தவர்

குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. அவனை வீட்டை விட்டுத் துரத்தியும் ஆகிவிட்டது. அதற்கு மறுநாள் எடுத்த புதினாவில் விஷம் முன்பைவிட ஆறு மடங்கு கூடியிருந்தது.

சோதனைக்கூடத்து அம்மா அந்த அறிக்கையை மேசையின்மேல் வைத்து, எதிரே உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் பக்கம் ஒற்றை விரலால் தள்ளினார், செத்த பல்லியைத் தள்ளுவது போல.

"இது நீங்களே எடுத்து அனுப்பின சோதனை மாதிரிதானே சார்?"

"நானேதான்."

இதைச் சொல்லும்போது துப்பறிவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதற்காக நிமிர்ந்தோம் என்று அடுத்த நொடியே தோன்றியது. மறுபடி சாய்ந்துகொண்டார்.

ஊரில் அவருக்கு வாணலி என்று பெயர். தொழில் தொடங்கியபோது வாசல் பலகையில் ஒரு பூதக்கண்ணாடி வரையச் சொல்லியிருந்தார். வரைந்தவன் கைப்பிடியைத் தடியாகப் போட்டு, வட்டத்துக்குள் கறுப்பு அடித்துவிட்டுப் போய்விட்டான். முதல் வாரம் வந்தவர்கள் எல்லோரும் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும் கேட்கவில்லை. அவர் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர். அதற்குமுன் வாணலி ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்தார். தூக்கம் வருகிறது என்று அந்த வேலையை விட்டார். இந்த வேலையில் தூக்கம் வருவதில்லை. ஆட்களும் வருவதில்லை.

பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவியாளன், அதாவது மனைவியின் தம்பி. மனைவி பிரிந்து போனபோது இரண்டு பெட்டிகளையும் தையல் மெஷினையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். தம்பியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஆறு மடங்குன்னா என்னம்மா அர்த்தம்?" மைத்துனன் கேட்டான். "ஆளு செத்துருவானா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு லாரி இலைக்கு ஒரு சிட்டிகை மருந்துகூட வராது. ஆனா சட்டத்துல இருக்கிற வரம்பு அதைவிடக் கம்மி. ஒவ்வொரு பயிருக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியா வரம்பு போட்டிருக்காங்க. புதினாவுக்கு இந்த மருந்தை யாரும் அடிக்க வேண்டியதே இல்ல. அதனால கருவி கண்ணுக்குத் தெரியற கடைசி அளவையே வரம்பா வெச்சுட்டாங்க. அதுக்குக் கீழ இருந்தா இல்லன்னு அர்த்தம்."

"எங்க அத்தான் மூளை மாதிரி."

வாணலி அதைக் கேட்காதவர் போல அறிக்கையைப் படித்தார். படித்தாலும் அவருக்குப் புரியாது. ஆனால் வழக்கு அவருக்கு நன்றாகத் தெரியும். புதினா பயிரிடும் ஒரு பெண், கணவன் இல்லாதவள். அந்தக் கணவன் ஊர் ஊராகப் போய்ப் பயிருக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டு, இருமி இருமிச் செத்தவன். அன்றையிலிருந்து அவள் வீட்டு வாசலுக்குள் ஒரு மருந்துப் புட்டிகூட நுழையக் கூடாது. எறும்புக்குக்கூட வெந்நீர்தான். அப்படிப்பட்டவள் புதினாவில் பூச்சி மருந்து இருப்பதாக விவசாயிகள் சங்கத்தின் சோதனையில் வந்தது. இன்னொரு தடவை அப்படி வந்தால் சங்கத்திலிருந்து பேரை அடித்துவிடுவார்கள். சங்கம் இல்லாவிட்டால் நகரத்துக் கடைகள் வாங்காது. கடைகள் வாங்காவிட்டால் அவளுக்குப் புதினா என்பது வெறும் வாசனை.

யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று அவள் வாணலியிடம் வந்தாள். வாணலி மூன்றே நாளில் கண்டுபிடித்தார். அவளுடைய கொழுந்தன் ஓட்டும் சரக்கு வண்டியின் சீட்டுக்கு அடியில், விரல் நீளத்தில் பிழிந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த தாளைப் பாதிக்குமேல் நகத்தால் சுரண்டியிருந்தார்கள். மிச்சமிருந்த பாதியில் அந்த மருந்தின் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. சோதனைக்கூடத்து அறிக்கையில் இருந்த அதே பெயர்.

"இவ்வளவு சின்னக் குழாயை வெச்சு ஒரு தோட்டத்துக்கே அடிக்கணும்னா, எறும்பு தெளிப்பான் பிடிச்சாத்தான் முடியும்" என்று மைத்துனன் அப்போதே சொன்னான்.

"இது செறிவூட்டப்பட்டது" என்று வாணலி கம்பீரமாகச் சொன்னார். செறிவு என்றால் என்னவென்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

குழாயைப் பார்த்த பெண் நேரே உள்ளே போனாள். கொழுந்தனின் துணிகளை ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்தாள். அவன் "நான் மருந்து அடிக்கல அண்ணி" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குழாய் எதற்கு என்று மட்டும் சொல்லவே இல்லை.

மறுநாள் காலை, வெற்றியை உறுதிப்படுத்த, வாணலி தாமே தோட்டத்துக்குப் போனார். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் அவருக்கு இப்போதும் பெருமையாக இருக்கும். வாசலில் மேனேஜர் என்று பெயர் வைத்த நாய் அவர் மேல் தாவி ஏறியது. வீட்டுக்கு வருகிறவர் போகிறவரை எல்லாம் அதுதான் கணக்கெடுக்கும், அதனால் அந்தப் பெயர். பிரிந்து போன மனைவிக்குப் பிறகு அவரைக் கண்டதும் சந்தோஷப்படும் ஒரே உயிர் அது. அதனிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு விதிப்படி கையுறை போட்டு, பாத்திக்கு நடுவே இறங்கி, இலை பறித்துப் பையில் போட்டு, பையின் மேல் தம் கையெழுத்தை நீளமாகப் போட்டு அனுப்பினார். கையெழுத்தின் வாலில் ஒரு சுழிகூட வைத்தார்.

இப்போது அந்தச் சுழிக்குப் பக்கத்தில்தான் ஆறு மடங்கு என்று இருந்தது.

"கொழுந்தன் போனப்புறம் எடுத்தது" என்றான் மைத்துனன். "அவன் அங்க இல்ல. அப்புறம் யாரு அத்தான் அடிச்சது? ஆவியா?"

"பார். முதல் மாதிரியை எடுத்தது சங்கத்து ஆள். அப்போ அளவு கம்மி. ரெண்டாவதை எடுத்தது நான். அளவு கூடிருச்சு. இதுல இருந்து என்ன தெரியுது?"

"நீங்க எடுத்தா கூடும்னு தெரியுது."

"குற்றவாளி எனக்குச் சவால் விடறான்னு தெரியுது. அவன் குறி நான்தான்."

சோதனைக்கூடத்து அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

"இன்னொரு விஷயம் சார். எனக்கே ஆர்வம் தாங்காம, கடையில அந்தம்மா பேர் போட்ட புதினாக் கட்டு ஒண்ணு வாங்கிச் சோதனை பண்ணிப் பாத்தேன். நீங்க மாதிரி எடுத்த அன்னிக்குப் பறிச்சது. அதுல ஒண்ணுமே இல்ல. சுத்தம்."

"அதே தோட்டமா?"

"அதே தோட்டம். அதே நாள்."

வாணலியின் முகம் மலர்ந்தது. "அப்போ சோதனைக்கு எடுக்கிற இலையில மட்டும் எவனோ விஷம் வைக்கிறான்!"

"ஆமா அத்தான். பைக்குள்ளயே குடியிருக்கான் போல."

இதுதான் அந்த வழக்கில் அன்றுவரை யாராவது சொன்ன ஒரே சரியான வார்த்தை. வாணலி அதைக் கவனிக்கவில்லை. நாலு மணிக்குச் சங்கத்தின் கூட்டம் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட மாதிரியை வைத்தே அந்தப் பெண்ணின் பேரை அடிக்கப் போகிறார்கள். அவர் கையில் இருந்தது அந்தக் குழாய் ஒன்றுதான். குற்றத்துக்கு அது சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. பிறகு ஏன் ஒருவன் அதன் தாளைச் சுரண்ட வேண்டும்?

"வா. போய் அவனையே கேட்போம்."

"மொதல்ல கேக்க வேண்டியதைக் கடைசியாக் கேக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்ல" என்றபடி மைத்துனன் எழுந்தான்.

கொழுந்தன் ஒரு பஞ்சர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். கடை என்றால், சாலையோரத்தில் ஒரு தகரக் கூரை, தொங்கவிட்ட பழைய டயர்கள், தண்ணீர் நிரப்பிய ஒரு தொட்டி. முப்பது வயதிருக்கும், நீளமான கைகள். டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். வாணலியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாங்க. இங்கேருந்தும் துரத்தணுமா? முதலாளி உள்ளதான் இருக்காரு. சொல்லிட்டுப் போங்க."

"தம்பி, கோவப்படாதே. உங்க அண்ணி தோட்டத்துல மறுபடி மருந்து தெரிஞ்சிருக்கு."

டியூப் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. "எப்போ எடுத்தது?"

"நீ போன மறுநாள்."

"அப்போ நான் இல்லன்னு ஆயிருச்சு?"

"ஆயிருச்சு."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போனது. "அப்போ அண்ணி பேரை அடிச்சிருவாங்களே?"

"நாலு மணிக்கு" என்றான் மைத்துனன்.

தன்மேல் விழுந்த பழி தீர்ந்த சந்தோஷத்தை ஒரு மூச்சுகூட முழுதாக அனுபவிக்காமல் அவன் அண்ணிக்காகப் பதறியதை வாணலி பார்த்தார். மூன்று நாள் துப்பறிந்தபோது இந்த முகத்தை ஒரு தடவை இப்படிப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போது அவர் வண்டிச் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து குழாயை எடுத்து நீட்டினார். "இது எதுக்கு? இதை மட்டும் சொல்லு."

கொழுந்தன் டியூபின் ஓட்டையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டான். தேவைக்கு அதிகமாகவே போட்டான்.

"சொல்லுப்பா" என்றான் மைத்துனன். "எங்க அத்தான் தப்பாப் புரிஞ்சுக்காத விஷயம் உலகத்துல இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதுல இதுவும் ஒண்ணா இருக்கட்டும்."

"அண்ணிகிட்ட சொல்லிருவீங்க."

"சொன்னா என்ன?"

"நான் மருந்து அடிக்கலன்னு சொன்னேன். அது நிஜம். அதுக்கு முன்னாடி ஒரு நாள், வீட்டுக்குள்ள எந்த மருந்தும் கொண்டு வரலன்னு சத்தியம் பண்ணேன். அது பொய். ஒண்ணு பொய்னு தெரிஞ்சா இன்னொண்ணை யாரு நம்புவா? அதான் வாயை மூடிட்டு வந்துட்டேன்." டியூபை ஓரமாகப் போட்டான். "ஆமா, குழாய் என்னோடதுதான். நான்தான் ஊத்தினேன்."

வாணலி தாழ்ந்த குரலில், தொழில்முறைக் குரலில் கேட்டார்: "எங்கே ஊத்தினே?"

"கழுத்துல."

"யாரு கழுத்துல?"

"மேனேஜர் கழுத்துலதான். வேற யாரு? உடம்பு பூரா உண்ணி சார். காதுக்குள்ளகூட. ராத்திரியெல்லாம் சுவத்துல உரசிட்டு அழும். அண்ணி வேப்பெண்ணெய் தடவினாங்க, வெந்நீர் ஊத்தினாங்க, ஒண்ணும் நடக்கல. மாட்டு டாக்டர் இதைக் கொடுத்தாரு. கழுத்துப் பின்னாடி ஊத்தினாப் போதும், ஒரு மாசத்துக்கு முடியெல்லாம் பரவி நிக்கும்னாரு. தாள்ல நாய்ப் படம் போட்டிருந்துச்சு. அண்ணி பாத்தாக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு சுரண்டிட்டேன்."

சாலையில் ஒரு பேருந்து போனது.

வாணலி தம் வலது கையைப் பார்த்தார். பிறகு கோட்டின் கையைப் பார்த்தார். முழங்கைவரை வெள்ளை வெள்ளையாக நாய் முடி ஒட்டியிருந்தது. அந்தக் காலைப்பொழுது முழுக்க அவர் கண்முன் மறுபடி ஓடியது. மேனேஜர் தாவியது. அவர் குந்தி உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்து, மனைவி போன கதையைச் சொன்னது. பிறகு கையுறை போட்டது. கையுறை போட்ட கையால் பாலித்தீன் பையின் வாயைத் திறக்க முடியாமல் ஒன்றைக் கழற்றிக் கக்கத்தில் செருகிக்கொண்டது. வெறுங்கையால் பையைத் திறந்து, அதே வெறுங்கையால் இலையைப் பறித்து உள்ளே திணித்தது.

வழக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் ஒரு துப்பறிவாளருக்கு அது சந்தோஷமான நொடி.

"அத்தான்" என்றான் மைத்துனன் மெதுவாக. அவனுக்கும் புரிந்துவிட்டிருந்தது. "குற்றவாளி ஓடிருவான்னு கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

சங்கத்தின் கூட்டம் ஒரு நீள அறையில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், ஓடாத மின்விசிறி, சுவரில் எடைக்கல் கம்பெனி கொடுத்த காலண்டர். தலைவர் கெட்ட மனிதர் இல்லை. கத்தரிக்காய் பயிரிடுகிறவர், வேலையை முடித்துவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போகவேண்டும் என்ற அவசரம் முகத்தில் இருந்தது. புதினாக்காரி கடைசி வரிசையில், கைகளை மடியில் வைத்து, தீர்ப்புக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கவில்லை. அழாமல் இருந்ததுதான் வாணலிக்குச் சங்கடமாக இருந்தது. கொழுந்தன் உள்ளே வர மறுத்து, வாசல் கதவுக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றான்.

"ஒருத்தர் சரக்குல மருந்துன்னா கடைக்காரன் எல்லார் சரக்கையும் திருப்பிருவான்" என்றார் தலைவர். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா நீயே ஏற்பாடு பண்ணின துப்பறிவாளர், அவரே கையெழுத்துப் போட்டு எடுத்த மாதிரி. அதை எப்படி இல்லேங்கறது?"

"அதை நான் இல்லேங்கறேன்" என்று வாணலி எழுந்தார்.

எல்லோரும் திரும்பினார்கள். இத்தனை பேர் தம்மைப் பார்ப்பதற்காகத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார். ஆனால் இந்தக் காரணத்துக்காக இல்லை.

"மொதல்ல, நம்ம மாதிரிக்காரர்கிட்ட ஒரு உதவி." முன்வரிசையில் இருந்த, சங்கத்துக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய் மாதிரி எடுக்கிறவரைக் கூப்பிட்டார். "ஐயா, நீங்க எப்பவும் கையுறை போட்டுத்தான் எடுப்பீங்களா?"

"விதியே அதானே?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் போடாம எடுத்ததில்ல. எழுதிக் கொடுக்கட்டுமா?"

வாணலி ஒரு ஜோடி கையுறையையும், மடிப்புக் கலையாத ஒரு பாலித்தீன் பையையும் நீட்டினார். "போட்டுக்கிட்டு இந்தப் பையைத் திறங்க."

மாதிரிக்காரர் அலட்சியமாகக் கையுறையை மாட்டினார். பையின் வாயைப் பிடித்துத் தேய்த்தார். அது ஒட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையைத் தேய்த்தார். ஊதினார். கையுறை வழுக்கியது. அறை முழுக்க அவரையே பார்த்தது. அவருக்கு வேர்த்தது. மூன்றாவது முயற்சியில், தாம் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். பையின் வாயைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பை பட்டென்று திறந்துகொண்டது. வெற்றியோடு நிமிர்ந்தவர், வாயில் தொங்கிய கையுறையோடு அப்படியே நின்றார்.

யாரோ சிரித்தார்கள். அறிக்கையோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த சோதனைக்கூடத்து அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க" என்றார் வாணலி. "நானும் அப்படித்தான் திறந்தேன். புதினாத் தோட்டத்து வாசல்ல ஒரு நாய் இருக்குமே, அதைத் தொடுவீங்களா?"

மாதிரிக்காரர் வாயிலிருந்து கையுறையை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "வாலாட்டிட்டு வருது. ஒரு தட்டுத் தட்டிக் கொடுக்காம எப்படிங்க உள்ள போறது?"

"நீங்க ஒரு தட்டு. அதனால கொஞ்சம். நான் அரைமணி நேரம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அதனால ஆறு மடங்கு." வாணலி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "அந்த நாய் கழுத்துல உண்ணிக்கு ஊத்தின மருந்தும் அறிக்கையில இருக்கிறதும் ஒண்ணுதான். பாத்தியில விஷமில்ல. மாதிரி எடுத்த எங்க ரெண்டு பேர் கையிலதான் இருந்துச்சு. கூடைக்குப் பறிக்கிற பெண்கள் பின்பக்க வழியா வந்து, கிணத்துல கை கழுவிட்டு இறங்கறாங்க. அதனாலதான் கடைக்குப் போன புதினா சுத்தம். வாசல் வழியா, மரியாதையா, உத்தியோகமா வர்றவங்க எடுத்தது மட்டும்தான் அழுக்கு."

"நிரூபணம்?" என்றார் தலைவர்.

வாணலி கோட்டைக் கழற்றினார். "அன்னிக்குப் போட்டிருந்த கோட்டு. இதுலயும் அந்த மருந்து இருக்கும். துவைக்கல."

"அக்கா போனதுலேருந்தே துவைக்கல" என்றான் மைத்துனன். "வேற என்னென்ன வழக்குக்குச் சாட்சி தேவையோ, எல்லாம் அதுலயே இருக்கும்."

இந்தத் தடவை தலைவரும் சிரித்துவிட்டார். ஆனால் கடைசி வரிசையில் சிரிப்பு இல்லை. புதினாக்காரி எழுந்து நின்றாள்.

"நாய் கழுத்துல மருந்து ஊத்தினது யாரு?"

வாணலி கதவுப் பக்கம் பார்த்தார். சொல்லவேண்டாம் என்று பஞ்சர் கடையிலிருந்து வழி முழுக்க அவன் கெஞ்சியிருந்தான். சொல்லாவிட்டால் இந்த அறையில் யாரும் மற்றதை நம்பப்போவதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் அண்ணி."

செருப்புகளுக்கு நடுவிலிருந்து ஓரடி உள்ளே வந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சோதனைக்கூடத்து அம்மாவே நேரில் போய், நாயைக் கட்டிப்போட்டு, கை கழுவி, பையின் வாயைக் கத்தரியால் வெட்டித் திறந்து, மாதிரி எடுக்கவேண்டும். அது வரும்வரை பேரை அடிப்பதில்லை என்று முடிவானது. துப்பறிவாளர் தோட்டத்தின் பக்கமே வரக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது மாதிரிக்காரர். அதற்கு மட்டும் கைதட்டல் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து இரண்டு அறிக்கைகள் வந்தன. புதினா: மருந்து தென்படவில்லை. கோட்டு: ஏராளமாகத் தென்பட்டது. அதன்கீழே சோதனைக்கூடத்து அம்மா தம் கையால் எழுதியிருந்தார்: 'கோட்டு என்ற பயிருக்குச் சட்டத்தில் வரம்பு விதிக்கப்படவில்லை. ஆனாலும் சாப்பிட வேண்டாம்.'

வாணலி முதல் அறிக்கையைப் புதினாக்காரியிடம் கொடுக்க, வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றபடியே நீட்டினார். அவள் படித்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலை ஓடாமல் திண்டாடிக்கொண்டிருந்தாள் என்று பார்த்தாலே தெரிந்தது. பறித்துக் கட்டிய புதினாக் கூடைகள் ஈரத்துணி மூடி வரிசையாக இருந்தன, சரக்கு வண்டி ஓட்ட ஆளில்லாமல் நின்றது.

"அவன் எங்க இருக்கான்?" என்றாள்.

பஞ்சர் கடைக்கு அவள் நடந்தே போனாள். வாணலியும் மைத்துனனும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனார்கள். கூப்பிட்டால் போவது, கூப்பிடாவிட்டாலும் போவது என்பது அவர்கள் தொழிலின் இலக்கணம்.

கொழுந்தன் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான். கையில் கிரீஸ், எங்கே துடைப்பதென்று தெரியவில்லை.

"கூடை கட்டி வெச்சிருக்கேன்" என்றாள் அவள்.

"ம்."

"இலை வாடுது."

"நான் பொய் சொன்னேன் அண்ணி."

"ஆமா. சொன்னே." அவள் குரலில் ஈரம் எதுவும் இல்லை. "நான் உன்னை விஷம் வெச்சவன்னு நெனச்சேன். எதுடா பெருசு?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சாக்கைக் குனிந்து எடுத்தாள். அன்றைக்கு அவளே கட்டி வாசலில் வைத்த சாக்கு, முடிச்சு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"உங்க அண்ணனை மருந்துதான் கொன்னுச்சு. அதனாலதான் எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஆகாது. அதுக்காக ஒரு வாயில்லா ஜீவன் சுவத்துல உரசிட்டு அழறதைப் பாத்துக்கிட்டுக் கிடன்னு சொல்ல நான் யாரு? எங்கிட்ட கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லிருப்பேன். ரெண்டு நாள் திட்டிருப்பேன். மூணாவது நாள் நானே பிடிச்சுக்கிட்டிருப்பேன், நீ ஊத்திருப்பே. கேக்கவே இல்லயேடா."

"பயம் அண்ணி."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான்."

அவள் முகத்தில் என்னவோ மாறியது. அது வருத்தமா, வெட்கமா என்று வாணலிக்குத் தெரியவில்லை. முகம் படிப்பதில் தமக்குள்ள திறமையை உத்தேசித்து, அவர் கணிக்கவும் முயலவில்லை.

"நட" என்றாள் அவள். "நாலு கடைக்கு இன்னிக்கே போயாகணும்."

கொழுந்தன் முதலாளியிடம் உள்ளே போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தான். சாக்கை அவள் தோளிலிருந்து வாங்கப் பார்த்தான். அவள் கொடுக்கவில்லை. அவன் இன்னொரு தடவை கேட்டான். அப்போதும் கொடுக்காமல் முன்னால் நடந்தாள். சாலையின் வளைவுவரை அவன் கேட்டுக்கொண்டே போனான்.

தொட்டித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே மைத்துனன் சொன்னான்: "அத்தான், மூணு நாள்ல தப்பான ஆளைப் பிடிச்சீங்க. அரை நாள்ல சரியான ஆளைப் பிடிச்சீங்க. முன்னேற்றம்தான்."

"சரியான ஆளு நான்தானேடா."

"அதான் சொல்றேன். இவ்வளவு பக்கத்துல இருந்த ஆளையே கண்டுபிடிச்சுட்டீங்களே!"